ஒரே ஓட்டில் பூட்டிய கதவு

லியோன்
4 பிப்ரவரி 2002

அன்புள்ள தம்பி ரெஜிஸுக்கு,

அக்கா ஒதீல் எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் ழினெத்தும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் தீவுப் பக்கம் புயல் சுற்றுவதாக ரேடியோவில் சொன்னார்கள். கூரையை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடு, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கத்த ஆரம்பித்ததும் "லைன் சரியில்லை அக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

நம் கட்டடத்து வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். மார்ச் 7 அன்று வீட்டு உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம். ஆறாவது தீர்மானம் எலி மருந்து. எட்டாவது மாடிப்படி பல்பு. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாதது போல ஏழாவது: "முற்றத்து ஊடுவழியைப் பொதுமக்களுக்கு நிரந்தரமாக அடைத்து, இரண்டு வாசலிலும் நம்பர் பூட்டுப் பொருத்துதல்."

படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. இந்தப் பழைய ஊரில் தெருக்களெல்லாம் ஆற்றோடு கூடவே நீளமாக ஓடுகின்றன, குறுக்குத் தெரு கிடையாது. அதனால்தானே வீடுகளுக்குள்ளேயே வழி விட்டுக் கட்டினார்கள்? ஆற்றுத் தெரு வாசலில் நுழைந்து, முற்றத்தையும் சுழல் படிக்கட்டையும் தாண்டினால் குன்றடித் தெரு. ஒன்றரை நிமிடம். காலை ஏழு மணி முதல் மாலை ஏழு வரை எவர் வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். நான் முப்பத்தொரு வருடம் தபால் பையோடு நடந்த வழி. போர்க்காலத்தில் அம்மா, பத்தொன்பது வயதுப் பெண், காய்கறிக் கூடைக்குள் துண்டறிக்கைகளை வைத்துக்கொண்டு ஓடியபோது பின்னால் வந்த சிப்பாயிடமிருந்து அவளைக் காப்பாற்றியது இந்தக் கதவு திறந்திருந்ததுதான். ஜெர்மன்காரன் வந்தபோது பூட்டாத கதவை மூன்றாம் மாடிப் பாரிஸ்காரர் வந்ததும் பூட்டப் போகிறார்கள். இரண்டு வீடுகளை வாங்கி நாள் வாடகைக்கு விடுகிறார் அல்லவா? தன் விருந்தாளிகளுக்கு "அமைதியான தனி முற்றம்" வேண்டுமாம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

என் சனிக்கிழமை நடையும் இதோடு போய்விடும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களை ஆற்றங்கரையில் கூட்டி, வீடு வீடாக, முற்றம் முற்றமாக, குன்றடிவரை நடத்திக்கொண்டு போகிறேன். நம் வீட்டு ஊடுவழி அந்த நடையின் நடுக்கண்ணி, அது அறுந்தால் மீதி இல்லை. என் வீட்டுக்காரர் லூசியன் செத்த பிறகு அந்த நடைதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. உனக்குத் தெரியும்.

ஒன்பது வீடு, ஒன்பது ஓட்டு. எண்ணிப் பார்த்துவிட்டேன். அடைக்கச் சொல்பவர்கள் நால்வர்: பாரிஸ்காரருக்கு இரண்டு, பல் டாக்டர் ஒன்று, வக்கீல் ஒன்று. திறந்திருக்கட்டும் என்பவர்கள் ஐவர்: இரண்டாம் மாடி ஆர்லெத், பள்ளி ஆசிரியை, பஸ் ஓட்டினவர், கீழே தோல்பைக் கடைக்காரர், நாம். அந்த 'நாம்' நீதான். என் பங்கை உனக்கு எழுதிக் கொடுத்த பிறகு எனக்கு இங்கே குடியிருக்கத்தான் உரிமை, கை தூக்க உரிமை இல்லை. ஆகவே ஓட்டதிகாரத் தாள் வந்ததும் அதில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்கு அனுப்பு. மறந்துவிடாதே.

முத்தங்களோடு,
அக்கா ஒதீல்

*

சேன்-பியேர், ரெயூனியோன் தீவு
19 பிப்ரவரி 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ழினெத்தும் நல்ல சுகம். உன் முழங்காலுக்கு அவள் ஏதோ இலைத் தைலம் அனுப்புகிறாள், நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள். புயல் எங்களை விட்டு விலகிப் போய்விட்டது. மாமரத்தில் ஒரு கிளை முறிந்தது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கும் கோபம்தான். பாரிஸ்காரர்கள் எங்கே போனாலும் முதலில் கதவைத்தான் மாற்றுவார்கள். ஓட்டுத் தாளைப் பற்றிக் கவலைப்படாதே. உன் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே வந்தது, வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு நிர்வாகி தெஸ்ப்ராவின் அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. நான் எப்போதும் உன் பக்கம்தான். அம்மா ஓடிய வழியை நானா அடைக்கச் சொல்வேன்?

இங்கே மழை விட்டபாடில்லை. வேறு விசேஷம் இல்லை. ஆர்லெத்தையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரெஜிஸ்

*

லியோன்
9 மார்ச் 2002

அன்புள்ள ரெஜிஸுக்கு,

தைலம் வந்தது. பூசிக்கொண்டேன், படிக்கட்டு முழுக்க மீன் சந்தை மாதிரி நாறுகிறது. நீங்கள் சுகமாக இருங்கள். நான் இல்லை.

தோற்றுவிட்டோம். ஐந்துக்கு நான்கு.

கூட்டம் வழக்கம்போலப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில். என்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன், கையில் கம்பளி ஊசி, பின்னுவது போல ஒரு பாவனை. ஒன்றே முக்கால் மணி நேரம். கதவு திறந்தது. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆர்லெத்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கடைசியாக தெஸ்ப்ரா.

"மதாம், இன்னுமா இங்க உக்காந்திருக்கீங்க? கல்லு சில்லுனு இருக்குமே."

"குளிரை நான் பாத்துக்கறேன். முடிவைச் சொல்லுங்க."

"அஞ்சுக்கு நாலு. அடைக்கறதுன்னு தீர்மானம் ஆச்சு."

"அஞ்சாவது யாரு?"

"அதெல்லாம் உரிமையாளருங்க சமாச்சாரம் மதாம். நீங்க குடியிருக்கறவங்க."

"நான் இந்த வீட்டுல பொறந்தவ. நீங்க எந்த ஊரு?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஐந்து பேர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள், உன்னையும் சேர்த்து. அதில் ஒருவர் என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறார். அடுத்த நாளே ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஆசிரியை "நான் திறக்கத்தான் கை தூக்கினேன்" என்று சத்தியம் பண்ணினாள். பஸ் ஓட்டினவரும் அப்படியே. "அப்ப யாரு?" என்றால் இரண்டு பேருமே கூரையைப் பார்க்கிறார்கள். லியோன்காரர்களிடமிருந்து அடுத்த வீட்டு விஷயத்தைப் பிடுங்குவது பல் பிடுங்குவதைவிடக் கஷ்டம். நாலு தலைமுறையாக இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறோம்!

கூட்ட அறிக்கை உரிமையாளர்களுக்குப் பதிவுத் தபாலில் வரும். எதிர்த்தவர்களின் பெயர்களைச் சட்டப்படி அதில் எழுதியாக வேண்டும். நான்கு பெயர் இருக்கும். இல்லாத பெயர் யாருடையதோ அவர்தான் துரோகி. வந்த அன்றே எனக்கு நகல் எடுத்து அனுப்பு.

அக்கா

*

லியோன்
8 ஏப்ரல் 2002

ரெஜிஸ்,

சுகமா? ஒரு மாதமாகப் பதிலே இல்லையே, வாயில் என்ன கொழுக்கட்டையா? அறிக்கை வந்திருக்க வேண்டும். இங்கே மற்றவர்களுக்கெல்லாம் மார்ச் இருபத்தைந்திலேயே வந்துவிட்டது, கேட்டால் ஒருவரும் காட்ட மாட்டேன் என்கிறார்கள். பதிவுத் தபாலை யார் யார் வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை என் பழைய உத்தியோகத் தோழி சொன்னாள்.

பூட்டுப் போட்டாயிற்று. கறுப்புப் பெட்டி, பத்துப் பொத்தான், பச்சை விளக்கு. ஐந்நூறு வருடக் கல்லில் துளை போட்டிருக்கிறார்கள். முதல் நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஓடி வந்து கதவில் மோதி நின்றார்கள். இனி ஆற்றங்கரையோடு போய், பாலத்தருகே திரும்பி, சுற்றி வரவேண்டும். நான் நடந்து பார்த்தேன், என் காலுக்குப் பதினேழு நிமிடம்.

நம்பர் எனக்கும் தெரியும். ஆற்றுத் தெரு வாசலில் அழுத்தாமல் என் வீட்டுக்கு ஏற முடியாது, அதனால் அழுத்துகிறேன். ஆனால் முற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கக் கதவை ஒருநாளும் திறக்க மாட்டேன் என்று சபதம். ரொட்டிக் கடைக்குச் சுற்றித்தான் போகிறேன். மழையிலும். பாரிஸ்காரர் மூன்றாம் மாடியிலிருந்து பார்க்கட்டும்.

சபதத்தை மார்ச் கடைசிச் சனிக்கிழமை மட்டும் மீறினேன். பதினோரு பேர் நடைக்கு வந்திருந்தார்கள், ஒரு கர்ப்பிணி வேறு, நல்ல மழை. "இங்கதான் ஊடுவழி இருந்துச்சு" என்று பூட்டிய கதவைக் காட்டிப் பேச எனக்கு வாய் வரவில்லை. நம்பரை அழுத்தி எல்லோரையும் உள்ளே கூட்டினேன். முற்றத்தில் நுழைந்து எல்லோரும் அண்ணாந்து சுழல் படிக்கட்டைப் பார்க்கிறார்கள். அப்போது மேலிருந்து ஒரு குரல்:

"மதாம்! இது தனியார் இடம்!"

"தெரியும் மெசியோ. ஐநூறு வருஷமா தனியார் இடந்தான். அதனாலதான் தெறந்து வச்சிருந்தாங்க. சர்க்கார் இடமா இருந்திருந்தா எப்பவோ பூட்டியிருப்பாங்க!"

பதினோரு பேரும் கைதட்டினார்கள். செவ்வாய்க்கிழமை தெஸ்ப்ராவிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு தடவை வெளியாட்களை உள்ளே விட்டால் வீட்டின் உரிமையாளர் மேல், அதாவது உன் மேல், நடவடிக்கையாம். அதனால் நடையை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைகளில் இப்போது ஜன்னலருகே உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறேன்.

ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. ஆர்லெத்தின் சமையலறைக் கூரை இரண்டு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலே இருப்பது பாரிஸ்காரர் வீடு. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு திடீரென்று ஆள் வந்து சரிசெய்திருக்கிறான். கூட்டத்தன்றிலிருந்து படியில் என்னைக் கண்டால் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள். நாற்பது வருடச் சிநேகிதி! நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும். அறிக்கையை அனுப்பு.

ஒதீல்

*

சேன்-பியேர்
26 ஏப்ரல் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ழினெத்துக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. எனக்கும் சர்க்கரை ஆலையில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் வேலை, கரும்பு வெட்டுக்கு முன்னால் முடிக்கவேண்டும்.

அறிக்கை விஷயம்... இங்கே தபால் சரியில்லை. நீ தபால்காரி, உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அக்கா, யார் கை தூக்கினார்கள் என்று தோண்டுவதால் என்ன கிடைக்கப் போகிறது? தினமும் ஒரே படியில் ஏறி இறங்க வேண்டிய மனிதர்கள். ஆர்லெத் அப்படிப்பட்டவள் இல்லை. அவளை ஒன்றும் கேட்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவளை ஒன்றும் கேட்காதே.

இங்கே ராத்திரியில் கொஞ்சம் குளிர ஆரம்பித்திருக்கிறது. பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று.

அன்புடன்,
ரெஜிஸ்

*

லியோன்
30 மே 2002

அன்புள்ள ரெஜிஸுக்கு,

ழினெத்தின் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். பூனைக்கும் என் வாழ்த்தைச் சொல்.

கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன். நன்றாகவே கேட்டேன்.

முந்தாநாள் அண்டைவீட்டார் விருந்து. முற்றத்தில் மேஜை போட்டு, ஆளுக்கொரு பதார்த்தம். நான் பயறு சாலட்டும் பன்றித் தொத்திறைச்சியும் கொண்டுபோனேன். ஆர்லெத் அவளுடைய சிவப்புப் பிரலீன் கேக்கோடு, சர்க்கரை பூசிய பாதாம் போட்டது, வந்தாள். பாரிஸ்காரர் எல்லோருக்கும் மது ஊற்றிக்கொண்டே, "முற்றம் இப்ப எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றார். அதோடு என் பொறுமை போயிற்று.

"ஆர்லெத், ஒன் சமையலறைக் கூரை ஒழுகறது நின்னுடுச்சாமே?"

"நின்னுடுச்சு. ஏன்?"

"ஒரு ஓட்டுக்கு ஒரு கூரையா? இவ்வளவு மலிவா வித்துட்டியே!"

ஆசிரியை "ஒதீல், போதும்" என்று என் கையைப் பிடித்தாள். உதறினேன். நாற்பது வருடமாக என் வீட்டு மேஜையில் சாப்பிட்டவள், லூசியனின் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதவள், இப்படியா என்று மேலும் சொன்னேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக எழுத எனக்கே கூசுகிறது. ஆர்லெத்தின் முகம் வெளுத்துவிட்டது. வெட்டாத கேக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒன் வீட்டு ஓட்டு எங்க போச்சுன்னு மொதல்ல விசாரி, ஒதீல்."

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டாள்.

பார்த்தாயா திமிரை? தான் செய்ததை மறைக்க உன்னை இழுக்கிறாள். எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிற மனிதனை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். அறிக்கை கையில் இருந்தால் அங்கேயே அவள் மூக்கின் முன்னால் நீட்டியிருப்பேன். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அனுப்பு.

ஒதீல்

*

சேன்-பியேர்
11 ஆகஸ்ட் 2002

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். எப்படி இருக்கிறாய்?

இத்துடன் அறிக்கை. மார்ச் 28 அன்றே வந்துவிட்டது. நான்காம் பக்கம் பார். எதிர்த்தவர்கள்: ஆர்லெத் ஃபயோல், ஆசிரியை, பஸ் ஓட்டினவர், தோல்பைக் கடைக்காரர். என் பெயர் அங்கே இல்லை.

நான் விற்கவில்லை அக்கா, எவனிடமும் எதையும் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தாள் வரும்போதெல்லாம் யார் பெயரையும் எழுதாமல், வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிவிடுவேன். எலி மருந்துக்கும் பல்புக்கும் யார் யோசிப்பார்கள்? வெற்றுத் தாள் என்றால் யாருக்கும் ஓட்டு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பெயர் எழுதாத தாள் கூட்டத்தை நடத்துகிறவர்களின் கைக்குப் போகுமாம், அவர்கள் முன்வைத்த தீர்மானத்துக்கு ஆதரவாக எண்ணப்படுமாம். தெஸ்ப்ராவுக்குப் போன் பண்ணினேன். "உங்கள் கையெழுத்துதானே?" என்றார். ஆதரித்தவனாகக் கணக்கில் வந்துவிட்டதால் நான் வழக்கும் போட முடியாதாம்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்தபோதே எனக்குச் சுருக்கென்றது. நான் பெயர் எழுதவில்லையே என்று. ஒன்றும் ஆகாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, உன் பக்கம்தான் என்று எழுதிவிட்டேன். பிறகு அறிக்கை வந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் காகிதத்தை எடுப்பேன். மே மாதக் கடிதத்தைப் படித்த பிறகு காகிதத்தை எடுக்கவே பயமாக இருந்தது. ழினெத்துக்குக் காய்ச்சல் வரவே இல்லை.

ஆர்லெத்திடம் நான் எழுதட்டுமா? அல்லது நீயே சொல்கிறாயா?

ரெஜிஸ்

*

லியோன்
24 ஆகஸ்ட் 2002

ரெஜிஸ்,

நான்காம் பக்கம் பார்த்தேன்.

அம்மா பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினாயே. "அம்மா ஓடிய வழியை நானா அடைக்கச் சொல்வேன்" என்று. சொன்னாய். கையெழுத்துப் போட்டுச் சொன்னாய். படிக்காமல் போட்டதுகூடப் பெரிதில்லை, மடையன் என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஐந்து மாதம் அந்தத் தாளை இழுப்பறையில் வைத்துக்கொண்டு என்னைக் கொழுந்துவிட்டு எரியவிட்டாயே, அது? "தபால் சரியில்லை" என்று தபால்காரியிடமே சொன்னாயே, அது? கட்டடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் முற்றத்தின் நடுவே நின்று குரைத்திருக்கிறேன்.

ஆத்திரம் தாங்காமல் நேரே ஆசிரியையிடம் போய் "என் தம்பிதான்" என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

ஆர்லெத்துக்கு நீ எழுதாதே. உன் கடிதங்களால் பட்டது போதும். நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது போய்க் கதவைத் தட்ட என்னால் முடியாது. எந்த முகத்தோடு? அடுத்த மார்ச்சில் கதவைத் திறக்க வைத்துவிட்டு, தலைநிமிர்ந்து போய், உனக்கும் எனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன்.

அடுத்த வருடத் தாள் வந்ததும் என் பெயரை எழுது. எழுத்து எழுத்தாக. எனக்கு அனுப்பு. அதுவரை எழுதாதே.

ஒதீல்

*

சேன்-பியேர்
3 பிப்ரவரி 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாதே என்றாய், எழுதவில்லை. இன்று மட்டும் அனுமதி. நீ நலம்தானே? டிசம்பர் எட்டாம் தேதி, நம் லியோன் விளக்குத் திருநாளன்று, நானும் ஜன்னலில் விளக்கு வைத்தேன். இங்கே யாருக்கும் அந்த வழக்கம் தெரியாது, பக்கத்து வீட்டார் மின்சாரம் போய்விட்டதா என்று கேட்டார்கள்.

தாள் இத்துடன். உன் பெயரை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். கதவைத் திறக்கும் தீர்மானத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, இந்த வருடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். சேர்த்துவிட்டார்கள், ஒன்பதாவது.

ஆர்லெத்திடம் பேசினாயா? நான் கேட்கக்கூடாதுதான். ஆனாலும், கூட்டத்துக்கு முன்னால் பேசிவிடேன், அக்கா.

ரெஜிஸ்

*

லியோன்
15 மார்ச் 2003

அன்புள்ள ரெஜிஸுக்கு,

நீயும் ழினெத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் என்னவாக இருக்கிறேன் என்று இந்தக் கடிதத்தின் முடிவில் நீயே தெரிந்துகொள்வாய்.

பன்னிரண்டாம் தேதி கூட்டம். இருபத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக உள்ளே போய் உட்கார்ந்தேன். உன் தாளை தெஸ்ப்ராவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு என் பெயரைப் படித்தார்.

"இந்தத் தடவை பேர் எழுதியிருக்கு போல."

"எழுத்து எழுத்தா படிச்சுக்கங்க மெசியோ."

ஒன்பதாவது தீர்மானம் வந்தது. நான் எழுந்து பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன், பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி, மழையில் நின்ற கர்ப்பிணியைப் பற்றி. பாரிஸ்காரர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். கணக்கு தெளிவு: போன வருடத்து நான்கோடு நம்முடையது ஒன்று. ஐந்து.

"திறக்கலாம் என்பவர்கள்?" என்றார் தெஸ்ப்ரா.

என் கையைத் தூக்கினேன். ஆசிரியை, பஸ் ஓட்டினவர், தோல்பைக் கடைக்காரர். நான்கு. எனக்கு எதிர் நாற்காலியில் ஆர்லெத் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடைத்தே இருக்கட்டும் என்பவர்கள்?"

ஆர்லெத் கையைத் தூக்கினாள். என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். ஐந்துக்கு நான்கு.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. அங்கேயே எழுந்து அந்தக் காத்திருப்பு அறையின் பழைய பத்திரிகைகளையெல்லாம் அவள் தலையில் கொட்டியிருப்பேன். கூட்டம் முடிந்ததும் அவள் பின்னாலேயே ஏறினேன். இரண்டாம் மாடி. கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் திறந்தாள். என்ன சொல்ல வந்தேனோ, அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்துவிட்டது.

"மன்னிப்பு கேக்க வந்தேன், ஆர்லெத்."

"ஓட்டுக்கு முன்னாடி வந்திருந்தா அது மன்னிப்பு. பின்னாடி வந்தா விசாரணை."

"என் மேல உள்ள கோபத்தைக் கதவு மேல காட்டிட்டியே! பிள்ளைங்க என்ன பண்ணாங்க?"

"கதவைப் பத்தி எனக்கும் தெரியும். போன வருஷம் அதுக்காகத்தான் கை தூக்கினேன். அந்தக் கூரை, அவன் குழாய் ஒடைஞ்சு அவன் வீட்டுலயும் தண்ணி ஏறினதால சரிபண்ணான், எனக்காக இல்ல. ஒன் தம்பி பேரை தெஸ்ப்ரா வாசிச்சப்போ எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. நீ வெளியில படியில உக்காந்திருக்கே. ஒனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தலையைக் குனிஞ்சுகிட்டு போனேன். அதுக்குத்தான் எல்லார் முன்னாடியும் அந்தக் கூலி குடுத்தே."

"எனக்குத் தெரியாது அப்ப."

"அப்ப தெரியாது, சரி. ஆகஸ்டுல தெரியும். ஆசிரியை சொன்னா. அன்னிலேர்ந்து ஒன் காலடிச் சத்தம் படியில கேக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன் ஒதீல். கதவுக்கு இந்தப் பக்கம், இதோ இங்கதான். இன்னைக்கு நிக்கும், இன்னைக்கு நிக்கும்னு. ஒருநாள்கூட நிக்கல."

கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று உன்னைக் கிழித்தேனே, தம்பி. நான் ஏழு மாதம். நீ கடலுக்கு அப்பால் இருந்தாய். நான் நாளுக்கு நான்கு முறை அவள் வாசலைத் தாண்டி ஏறி இறங்கினேன். கதவை அடைத்தவர்களை ஊரெல்லாம் ஏசிக்கொண்டு, வீம்புக்கு ஆற்றங்கரை சுற்றி நடந்துகொண்டு. பாரிஸ்காரருக்கு இந்தத் தடவை ஒரு வேலையும் வைக்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி எல்லாம் நானே செய்து முடித்துவிட்டேன்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று இப்போதுதான் சரியாகத் தெரிகிறது. உன்னை மன்னித்துவிட்டேன், மன்னிக்காமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை? இனி வழக்கம்போல எழுது. புயல், மாமரம், பூனை, எதை வேண்டுமானாலும்.

நேற்று இறங்கும்போது இரண்டாம் மாடியில் நின்றேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றதும் அதை நிறுத்தினாள். தட்டினேன், திறக்கவில்லை. இன்று காலையும் நின்றேன், தட்டினேன். நாளையும் நிற்பேன். திறந்தாக வேண்டும் என்று அவளுக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

முத்தங்களோடு,
அக்கா ஒதீல்